அடுத்தவர் சேதி

என் மகன் எங்கே இருக்கிறான் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். மாசக்கணக்காகத் தெரியும். நானோ வாராவாரம் பஸ் ஏறிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கொடுத்த மோரைக் குடித்து, அவர் நீட்டிய மைக்கில் பேசிவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை. அவரைப் பற்றி அன்பாக எழுதுவதா, ஆத்திரமாக எழுதுவதா என்று எனக்கே தீர்ந்தபாடில்லை. மாதாவே, நீ நடத்துகிற வழியில் எழுத வை என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் எழுதப் போவதில்லை. அவர் பெயர் வெளியே வருவது அவருக்கு ஆகாது. அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றால் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு பெரம்பலூரில் ஒரு சின்ன வீடு வாங்கித் தனியாக இருந்தார்.

நான் அரியலூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் பெருங்குரலாகிவிட்டது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பது பெரும்பாலும் நான்தான். மைக் போய்விட்டால் பங்குச் சாமியார் பயப்பட மாட்டார், "மில்லுக்காரர் இருக்காருல்ல" என்பார்.

அக்கா அரியலூரில் இருந்தபோது என் மில்லுக்குத்தான் வருவார். மற்றப் பெண்கள் அரைத்து முடிகிற வரைக்கும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். இவர் தூண் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் கேட்பார், ஒன்றும் தர மாட்டார். ஒரு தடவை வழக்கத்துக்கு மேலே நிறைய அரிசி கொண்டுவந்திருந்தார்.

"என்னக்கா, வூட்டுல விசேஷமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ அரிசி?"

"அரைக்கத்தான்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மில்லைப் பார்த்துக்கொண்டேன். அவர் கிண்டலாகவும் சொல்லவில்லை. அவர் பேச்சே அப்படித்தான். மழை வருமாக்கா என்றால் வானத்தைக் கேளுங்க என்பார். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்பார், என்ன சாப்பிட்டார் என்று வராது. பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கி வைப்பார், எந்த ஊரிலிருந்து வந்தது என்று நான் கேட்டால்கூட, "அது உங்களுக்கு வந்த சேதி இல்லையே" என்பார். இந்த வார்த்தையைத்தான் அவரிடமிருந்து அதிகமாகக் கேட்டிருக்கிறேன்.

லப்பைக்குடிகாட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற ஜமால் பாய் ஒன்று சொல்வார். பாய் வாலிபத்தில் மெட்ராஸில் தோல் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் ஊரிலிருந்து அவருக்கு டிரங்க் கால். அந்தக் காலத்தில் ஆபரேட்டர் லைன் போட்டுக் கொடுத்தால்தான் பேச முடியும், மூன்று நிமிஷம் ஆனால் ஆபரேட்டர் குரல் குறுக்கே வந்து நேரம் ஆச்சு என்று சொல்லும். லைனில் பாயோட அண்ணன். பேச்சே வரவில்லை, அழுகைதான். பாய்க்குப் புரிந்துபோயிற்று, உம்மா மவுத்து, தாயார் போய்விட்டார். இவரும் பேசவில்லை. ரெண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்திருக்கிறார்கள்.

"மூணு நிமிஷம்லாம் எப்பவோ போச்சு தம்பி. அந்தம்மா குறுக்க வரவே இல்ல. லைன்ல அவங்க மூச்சு மட்டும் கேக்குது. அல்லா மேல ஆணையா சொல்றேன், எனக்கு அது ஆள் பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. ஊருக்கு வந்தப்புறம் போய் நன்றி சொன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'எப்ப? எனக்கு நெனப்பு இல்லையே'ன்னாங்க. பொய்யி! சுத்தப் பொய்யி!"

இது அவரோட நல்ல பக்கம். இன்னொன்றும் உண்டு. ஊரில் செல்வாக்கான ஒருத்தர் மகள் யாரோடோ போய்விட்டாள். அவள் அடிக்கடி போனில் பேசுவாள் என்று தெரிந்து, அந்த மனிதர் ஆட்களோடு எக்ஸ்சேஞ்சுக்கே வந்து யாருடன் பேசினாள் என்று சொல்லச் சொல்லி நின்றார். அக்கா, "காதுல விழறது வேற, கேக்கறது வேற சார்" என்று சொல்லிவிட்டாராம். மிரட்டினார்கள், கும்பிட்டார்கள். அந்தப் பெண்ணோட தாய் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது. அதுக்கும் அதே பதில். அந்தத் தாயை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன். அப்போதே எனக்கு மனசுக்குள் ஒரு உறுத்தல், இப்படியும் ஒரு பெண்பிள்ளைக்கு நெஞ்சு இருக்குமா என்று. அந்தப் படிக்கட்டில் நாளைக்கு நாம் உட்காருவோம் என்று யாருக்குத் தெரியும்?

இனி என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இது நகராது.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. என் சம்சாரம் லூர்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் முழங்காலில் நின்று நேர்ச்சை வைத்தாள், பையன் பிறந்தால் அவனைச் சாமியாராகக் கொடுத்துவிடுகிறேன் என்று. பிறந்தான். அருள் என்று பெயர் வைத்தோம். சொன்னபடி குருமடத்தில் சேர்த்தோம். பங்கில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. சில வருஷம் ஓடிற்று. ஒருநாள் குருமடத்திலிருந்து போன் வந்தது. உங்க மகன் எனக்கு இந்த அழைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு முறையாக எழுதிக் கொடுத்துக் கிளம்பிவிட்டான், வீட்டுக்கு வந்து சேர்ந்தானா என்று கேட்டார்கள். எங்கே வந்தான்? வரவில்லை. அவன் போன் அணைத்துக் கிடந்தது.

தெரிந்த இடமெல்லாம் தேடினோம். வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. கேட்டவர்களுக்குப் படிச்சிட்டிருக்கான் என்றோம். தண்டவாளத்தில் ஏதாவது, கிணற்றில் ஏதாவது என்று பேப்பரில் வந்தால் லூர்து அந்தப் பக்கத்தை மடித்து என் கண்ணில் படாமல் வைப்பாள். நான் அதற்கு முன்னமே படித்திருப்பேன். சனிக்கிழமை தோறும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து ஏலாக்குறிச்சிக்குச் செருப்பில்லாமல் நடக்க ஆரம்பித்தாள். வாக்குத் தப்பினது தன் குற்றம், அதுக்குத்தான் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள் மாதா என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. எத்தனை சொல்லியும் அதை எடுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எக்ஸ்சேஞ்ச் அக்கா பெரம்பலூரிலிருந்து கிளம்பி என் மில்லுக்கு வந்தார். கையில் அரிசியும் இல்லை, மிளகாயும் இல்லை.

"தம்பி, உங்க குரல் வேணும்."

"என் குரலா? எதுக்குக்கா?"

"நாடகத்துக்கு. மேடையில இல்ல, காதால மட்டும் கேக்கற நாடகம்."

அவருக்குப் பல வருஷமாக ஒரு பைத்தியம். பெரிய யுத்தம் நடந்தபோது எதிரி ரேடியோவில் அனுப்புகிற ரகசியச் சேதிகளை ஒட்டுக்கேட்டு, எழுத்தைப் பிரித்துப் பிரித்து அர்த்தம் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் இருந்ததாம். அதில் நிறையப் பேர் பெண்பிள்ளைகளாம். யுத்தம் முடிந்தும் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாமலே செத்தவர்கள் இருக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும். "எல்லாம் எங்க ஆளுங்க தம்பி" என்பார்.

அவர் கட்டின கதை இப்படி. மலைமேல் ஒரு பங்களா. அதில் காதில் ஹெட்போன் மாட்டிய பத்துப் பதினைந்து பேர். எதிரி கப்பற்படையின் சேதியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் ஒரு சேதி வருகிறது. பிரித்துப் பார்த்தால் தேதி இன்னும் வராத தேதி. வருங்காலத்திலிருந்து வந்த சேதி. எந்தக் கப்பல் எப்போது முழுகும் என்று அதில் இருக்கிறது. நான் அந்த பங்களாவின் அதிகாரி. முழுகப் போகிற கப்பலில் என் மகன் இருக்கிறான். ஆனால் அந்தக் கப்பலை எச்சரித்தால், தன் ரகசியத்தை உடைத்துவிட்டார்கள் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும், அவன் ரகசிய எழுத்தை மாற்றிவிடுவான், அதற்கப்புறம் முழுகப் போகிற எத்தனையோ கப்பலைக் காப்பாற்ற வழியில்லாமல் போகும். 'நாளைக்குப் போட்ட தந்தி' என்று பெயர் வைத்திருந்தார்.

"நாளைக்குப் போட்ட தந்தி இன்னைக்கு எப்புடிங்க வரும்? கூறுகெட்ட பேச்சா இருக்கு" என்றாள் லூர்து. ஆனாலும் போய்வரச் சொன்னாள். நான் மில்லில் உட்கார்ந்து வெறித்துப் பார்ப்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

எனக்கு வேறு பயம். வருங்காலம் பற்றின சேதி என்றால் அது குறி கேட்கிற பாவத்தில் சேருமோ என்று. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன்.

"அதுல பேய் பிசாசைக் கூப்பிடுறாங்களா?"

"இல்லங்க சாமி. ரேடியோ கேக்குறாங்க."

"அப்ப போய் நடிய்யா. உன் குரலால கோயில் ஓடுதான் ஆடுது, அங்கயும் கொஞ்சம் ஆட்டிட்டு வா."

பெரம்பலூர் வீட்டில் ஒரு உள்ரூம். சுவர் ஓரமாகப் பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி, பீரோவைத் திறந்து புடவைகளைத் தொங்கவிட்டிருந்தார். சத்தம் எதிரொலிக்காதாம். ஜன்னல் சாத்தி, ஃபேனும் நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலில் மத்தியானத்தில் அந்த ரூமில் உட்கார்ந்தால் வேர்வை பெஞ்சில் சொட்டும். நான் முதல் வசனத்தைப் பேசியதும் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, இங்க மில்லு ஓடல. யுத்த ரகசியம் பேசுறீங்க. பக்கத்து வூட்டு அம்மா காயப்போட்ட வத்தலை எடுத்துட்டு உள்ள ஓடிருச்சு."

நடித்தது என்னைத் தவிர முக்கியமாக ரெண்டு பேர். எதிரித் தளபதி ஜமால் பாய். எழுத்தைப் பிரிக்கிற பெண்ணாக ஆண்டிமடத்துச் செல்வி, பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற துறுதுறுப்பான பிள்ளை. நான் மேலே சொன்ன அளவைத் தவிர எங்களுக்குக் கதை மொத்தமும் தெரியாது. அங்கேதான் அக்காவோட வழக்கம். அவரவர் பேசுகிற வரியை மட்டும் துண்டு துண்டாகத் தருவார். எதிராளி என்ன சொன்னான் என்பது இருக்காது. ஒருவர் பேசும்போது மற்றவர் கூடத்தில் இருக்க வேண்டும். அந்த யுத்த பங்களாவிலும் அப்படித்தானாம், ஒரு மேஜைக்காரருக்கு அடுத்த மேஜையில் என்ன வேலை என்று தெரியாதாம்.

"என்னம்மா இது அநியாயம்? யாரைச் சுடறேன்னே தெரியாம சுட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார் பாய். "செத்தவன் நம்ம சொந்தக்காரனா இருந்துட்டா?"

"அக்கா, அக்கா, கடைசியில நான் சாவேனா? அதை மட்டும் சொல்லுங்கக்கா" என்று செல்வி கெஞ்சுவாள்.

"செத்தா உனக்கே தெரியும்."

பேசினதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, காற்று, மழை, மெஷின் சத்தம் எல்லாம் போட்டு நாடகமாக ஆக்குகிறவர் வெளியூரில் இருக்கிறார் என்றார் அக்கா. சேர்க்கிறவர் என்றே சொல்வார். போனில் அனுப்பி வைப்பார், சேர்க்கிறவர் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்லுவார். "உங்களுக்குச் சளி கட்டியிருக்காம், ராத்திரி மோர் ஊத்திச் சாப்பிடாதீங்கன்னு சொல்றாரு." நல்ல மனுஷன், முகம் தெரியாதவன்மேலும் அக்கறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வரி மட்டும் எனக்கு வரவே இல்லை. "அந்தக் கப்பலுக்கு எதுவும் சொல்ல வேண்டாம்." இவ்வளவுதான். இதைச் சொல்ல வாயெடுத்தால், என் பிள்ளை எந்தக் கப்பலில் இருக்கிறானோ என்று மனசு போகும். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சேர்க்கிறவர் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி திரும்பி வந்தது.

"என்ன குத்தமாம்க்கா?"

"குத்தம் ஒண்ணும் சொல்லல. முடியலையாம்."

"என்ன முடியல?"

அக்கா மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவரிடம் என் மகன் கதையைச் சொல்லிவிட்டேன். வெளியே யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன், எங்கேயும் போகாது என்கிற நம்பிக்கையில். அழுதேன். அவர் குறுக்கே பேசவில்லை. எழுந்து ஃபேனைப் போட்டார். அந்த ரூமில் அவர் ஃபேன் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மாதா கைவிட மாட்டாங்கக்கா" என்றேன். அவர் கோயில் குளம் அதிகம் போகாதவர். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சூடாகிறது. அந்த "ம்"-முக்குப் பின்னால் என் மகன் இருக்கிற ஊர், அவன் போன் நம்பர், அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும் இருந்திருக்கிறது.

எனக்குத் தெரியவந்தது செல்வியால். அடுத்த பகுதிக்குக் குரல் ஒத்துப்போக வேண்டும் என்று முதல் பகுதியைச் சேர்த்ததை அக்கா அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் ஓடிவந்து, "அண்ணே, கேளுங்களேன், அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினாள். முதலில் மலைக்காற்று. அப்புறம் பங்களாவுக்குள் ரகசிய எழுத்தைப் பிரிக்கிற மெஷின் ஓடுகிற சத்தம்.

டப் டப். கொஞ்சம் இடைவெளி. டப் டப்.

மில் பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போது ஒரு தட்டு விழும். எந்த மில்லிலும் ஒரு தட்டுதான். என் மில்லில் மட்டும் ரெண்டு. அறுந்தபோது புது பெல்ட் மாட்டாமல் நானே பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஒட்டுப் போட்டு ஓட்டினேன். அது தப்பான வேலை, மெக்கானிக் பார்த்துத் திட்டினான். அந்தச் சத்தத்தை ஒரே ஒருத்தன்தான் போனில் பிடித்து வைத்திருந்தான். குருமடத்திலிருந்து லீவுக்கு வந்தபோது மாவுத்தொட்டி மேலே போனை வைத்துவிட்டு, "அங்க ரொம்ப அமைதியா இருக்குப்பா, தூக்கமே வரல. இதைப் போட்டுக்கிட்டுப் படுப்பேன்" என்றான்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. செல்வி, "என்னண்ணே, என்னண்ணே" என்று பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று அவள் கையில் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடந்தேன். வழியெல்லாம் ஸ்தோத்திரமும் சொல்கிறேன், பல்லையும் கடிக்கிறேன். உயிரோடு இருக்கிறான் என்று ஒரு அடி, இந்தம்மா சொல்லவில்லையே என்று ஒரு அடி.

அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார்.

"சேக்கறவன் என் மகன்தானே?"

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"எங்கக்கா இருக்கான்? நல்லா இருக்கானா? அன்னைக்கு உங்க முன்னாடி அழுதேனேக்கா. உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை. ஊரு வேணாம், பேரு வேணாம். ஒரே வார்த்தை!"

"அது உங்களுக்கு வந்த சேதி இல்ல தம்பி."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், மாதா தடுத்தாள்.

அவர் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "கெட்ட சேதியா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் சொல்லாம இருந்ததுதான் நல்ல சேதி."

"நீங்க சொல்லாம இருக்கீங்கன்னு எனக்கு எப்புடிக்கா தெரியும்?"

கேட்டதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறவர், அன்றைக்குக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

எப்படி அவன் இவரிடம் போனான் என்று பிற்பாடு தெரிந்தது. குருமடத்திலிருந்து கிளம்பினவன் சென்னையில் ஒரு போன் ரிப்பேர் கடையில் சேர்ந்திருக்கிறான். அம்மாவோட நேர்ச்சையை உடைத்தவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது என்று பயம். யாரிடமாவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சின்னப்பிள்ளையில் மில்லில் தூண் ஓரமாக நின்ற அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. சொன்னால் எங்கேயும் போகாது என்று அவனும் நினைத்திருக்கிறான், என்னை மாதிரியே. அவனுக்கு வேலை கொடுக்கிற மாதிரிக் கொடுத்து, என் குரலை வாராவாரம் அவன் காதுக்கு அனுப்பியிருக்கிறார். நாடகமே அதுக்காகத்தானா, இல்லை நாடகம் எடுக்கிற நேரத்தில் அவன் தானாக வந்து மாட்டினானா, அது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அவர் தவறினபோது அவருடைய தமக்கை மகன் ஒருவர் திருச்சியிலிருந்து வந்து காரியம் செய்தார். கூட்டம் நிறைய. எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம், கல்யாணம் ஆகியிருந்ததா, ஏன் தனியாக இருந்தார், என்ன வியாதி என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. "இந்தம்மா நெஞ்சுக்குள்ள பாதி ஜில்லா அடங்கியிருக்கு. அவங்களைப் பத்தி ஒரு சேதி நம்மகிட்ட இல்ல பாரு" என்றார் ஜமால் பாய். நான் அவருக்காக ஒரு பூசை வைத்தேன். லூர்து வந்தாள், ஆனால் அவருக்கென்று மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. "எனக்கு இன்னும் ஆறல" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

அந்த பஸ் ஸ்டாண்டு நாளில், அக்காவிடம் கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போதே எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. லூர்திடம் சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் போய் அக்கா வீட்டு வாசலில் விழுவாள். அவன் காதுக்கு அது போனால், காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அக்காவையும் விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவான். அப்புறம் பிடிக்கவே முடியாது. சொல்லாமல் இருந்தால், இவள் செருப்பில்லாமல் நடந்துகொண்டே இருப்பாள். வீட்டுக்குள் நுழைந்தேன்.

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வெயிலு."

சாப்பாடு போட்டாள். பாதியில் எழுந்து கை கழுவினேன். செபமாலை சொல்லும்போது அவள், "எங்க பிள்ளை எங்க இருந்தாலும்" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும், தெரியும் என்று உள்ளே அடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு வேதனையை அந்தம்மா எத்தனை குடும்பத்துக்காக, எத்தனை வருஷம் வைத்திருந்தாரோ. எனக்கு அந்த வாரம்கூட முழுசாகத் தாங்கவில்லை. சனிக்கிழமை விடிந்தது. லூர்து முந்தானையைச் செருகிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினாள். படியில் இறங்கும்போது குதிகால் வெடிப்பு வலித்து, ஒரு காலைத் தூக்கிச் சுவரைப் பிடித்து நின்றாள்.

"லூர்து, அவன் இருக்கான்" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "செருப்பை எடுங்க" என்றாள். போட்டுக்கொண்டாள். "பெரம்பலூருக்குக் கிளம்புங்க."

அக்கா வீட்டில் அவள் உட்காரவே இல்லை. "நீங்க பொம்பளையா, கல்லா? என் வூட்டுக்காரரு வந்து வந்து உங்க எதிர்ல உக்காந்துட்டு வர்றாரு. நான் கால் தேய நடக்குறேன். உங்களுக்குப் புள்ளை இருந்தா தெரியும்" என்று கத்தினாள். அந்தக் கடைசிச் சொல் போய்ப் பட்டதை நான் பார்த்தேன். அக்கா முகம் ஒரு கணம் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

"கத்துங்கம்மா. ஆனா ஒண்ணு. அவன் சொன்னதை நான் உங்ககிட்ட சொன்னா, அவன் என் போனை எடுக்க மாட்டான். இருக்கறது ஒரே லைன்தான். அது அறுந்தா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

லூர்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், "லைன் இருக்குல்ல? குடுங்க" என்றாள்.

உள்ரூமில் மெத்தைக்கும் புடவைக்கும் நடுவே என்னை முதலில் உட்கார வைத்தாள். "அப்பா நீங்க, நீங்க பேசுங்க." நான் வாயைத் திறந்தேன். ஊரே கேட்கிற குரல், வரவில்லை. காற்றுதான் வந்தது. என்னைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அக்கா பொத்தானை அமுக்கினார். அமுக்கிவிட்டுத் தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்து, எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"டேய் அருளு. அம்மாதான். நேர்ச்சை வச்சது நான். நீ வச்சதில்ல. அது மாதாவுக்கும் எனக்கும் உள்ள விசயம், நாங்க பொம்பளைங்க பேசித் தீத்துக்குறோம், நீ நடுவுல வராத. உங்கப்பா பேச வந்து அழுதுட்டு இருக்காரு, மூக்கு உறிஞ்சுறது கேக்குதா? ஞாயித்துக்கிழமை கறி எடுப்போம். எங்க ரெண்டு பேருக்கு அரைக்கிலோ போதும். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல." எழுந்துவிட்டாள். மறுபடி குனிந்து, "சளி புடிச்சா மோர் ஊத்திக்காத" என்றாள்.

அக்கா வந்து அதை அனுப்பினார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

மறுநாள் பூசைக்குப் போய்வந்தோம். லூர்து அடுப்பைப் பற்ற வைக்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். என் போன் அடித்தது. எக்ஸ்சேஞ்ச் அக்கா. லூர்து பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கறிக்கடைக்குப் போயாச்சா?"

"இன்னும் இல்ல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் கூட எடுங்க" என்றார். வைத்துவிட்டார்.

லூர்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கறிக்கடையில் கூட்டம். முறை வந்ததும் ஒரு கிலோ போடச் சொன்னேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்ன மில்லு, விருந்தாளியா?" என்றார்.

"இல்லங்க," என்றேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "வூட்டு ஆளு."